எட்டு லிங்கம், ஒரு குதிகால்: வெறுங்கால்ல கிரிவலம் போற அக்காவோட 10 மாச கேஸ்

நான் திருவண்ணாமலையில பிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன், இந்த ஊர்ல இருக்கறதால என்கிட்ட வர்ற கேஸ்ல பாதிக்கு மேல முட்டியும் பாதமும்தான், அதுலயும் குதிகால் வலி இல்லாத நாளே கிடையாது. அந்தக் கேஸ்கள்ல ஒன்னை முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். சம்பந்தப்பட்ட அக்காகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், அவங்களை அடையாளம் தெரியற மாதிரி விவரம் எதுவும் இதுல இருக்காது.

அக்காவுக்கு 47 வயசு. சின்னதா ஒரு டிபன் கடை, காலையில 4 மணிக்கு அடுப்பு பத்த வச்சா 11 மணி வரைக்கும் தோசைக்கல்லு முன்னாடி நிக்கணும், மறுபடியும் சாயங்காலம் 5ல இருந்து 9 வரைக்கும். சிமெண்ட் தரை, வெறுங்கால். 19 வருஷமா பௌர்ணமிக்கு பௌர்ணமி கிரிவலம் போறவங்க, 14 கிலோமீட்டரும் செருப்பு இல்லாமதான். என்கிட்ட வந்தது ஆடி பௌர்ணமி முடிஞ்ச மூணாவது நாள், அதுக்கு முன்னாடியே 14 மாசமா வலது குதிகால்ல வலி.

அந்த 14 மாசத்துல அவங்க பண்ணாத வைத்தியம் இல்லை. முதல்ல எல்லார் வீட்லயும் செய்யற மாதிரி செங்கல்லை அடுப்புல சூடு பண்ணி, மேல எருக்க இலை போட்டு குதிகாலை வச்சு வச்சு எடுத்தாங்க, அப்புறம் எக்ஸ்ரே, அதுல குதிகால் எலும்புல முள்ளு வளர்ந்திருக்குன்னு தெரிஞ்சதும் பயந்து போய்ட்டாங்க, அப்புறம் யூரிக் ஆசிட் டெஸ்ட் (அது 5.4, நார்மல்தான்) ஆனாலும் யாரோ சொன்னாங்கன்னு தக்காளியையும் பருப்பையும் நாலு மாசம் தொடாம இருந்திருக்காங்க, அப்புறம் சிலிக்கோன் ஹீல் கப் (குதிகாலுக்கு அடியில வைக்கற மெத்தை), அப்புறம் குதிகால்ல ரெண்டு ஸ்டீராய்டு ஊசி. முதல் ஊசிக்கு ரெண்டு மாசம் வலியே இல்லை, ரெண்டாவதுக்கு மூணு வாரம்தான். கடைசியா ஒருத்தர் "நடக்கறதை சுத்தமா நிறுத்துங்க, கிரிவலமெல்லாம் இனிமே வேண்டாம்"னு சொல்லிட்டார். அன்னைக்கு ராத்திரி முழுக்க அழுதிருக்காங்க. என் முன்னாடி உக்காந்ததும் முதல் வார்த்தையா கேட்டது இதுதான், "தம்பி, வலி போகலைன்னாலும் பரவாயில்லை, சுத்தறதை மட்டும் நிறுத்த சொல்லாதீங்க."

இந்தக் கேஸை எழுதறதுக்கே அந்த வார்த்தைதான் காரணம். நடையை நிறுத்த சொல்றது சுலபம், ஆனா அது வைத்தியம் இல்லைன்னு நான் நிஜமாவே நம்பறேன். ரெஸ்ட் எடுத்தா வலி குறையும், உண்மைதான். ஆனா அந்த ரெஸ்ட்ல காலும் சேர்ந்து பலம் குறைஞ்சிடும், திரும்ப நடக்க ஆரம்பிச்சதும் முன்னைவிட கம்மி தூரத்துலயே வலி வந்துடும், அப்புறம் இன்னும் ரெஸ்ட். இந்த சுழல்ல மாட்டி வீட்டோட முடங்கிப்போன எத்தனையோ பேரை பாத்துட்டேன், எடை கூடி சுகரும் ஏறி வர்றவங்களையும் பாக்கறேன்.

முதல் நாள் பரிசோதனையை கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா குதிகால் வலின்னு வர்ற எல்லாமே ஒரே வியாதி கிடையாது. காலையில கட்டில்ல இருந்து இறங்கி வைக்கற முதல் அடிதான் உயிர் போற மாதிரி இருக்கும், பத்து பதினஞ்சு அடி நடந்ததும் குறையும், ரொம்ப நேரம் உக்காந்து எழுந்தா திரும்ப வரும், இது அவங்க சொன்னது. பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டேன், எட்டுன்னாங்க. குதிகாலோட அடியில உள்பக்கமா ஒரு இடத்துல கட்டைவிரலால அழுத்தினதும் காலை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாங்க. நிக்க வச்சு கால் பெருவிரலை மேல தூக்கினப்பவும் அதே இடத்துல வலி. குதிகால் எலும்பை ரெண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினா வலி இல்லை (அதுல வலிச்சிருந்தா எலும்புல மெல்லிய விரிசலான்னு யோசிக்கணும்), கணுக்கால் உள்பக்கம் நரம்பு மேல தட்டினா விரலுக்கு ஷாக் அடிக்கற மாதிரி எதுவும் ஓடலை, ரெண்டு காலும் சேர்ந்து வலிக்கலை, முதுகு விறைப்பும் இல்லை. சின்ன வயசுப் பசங்க ரெண்டு குதிகாலும் வலிக்குது, காலையில முதுகும் அரைமணி நேரத்துக்கு மேல விறைச்சிருக்குன்னு வந்தா நான் உடனே வாதநோய் டாக்டர்கிட்டதான் அனுப்புவேன், அது வேற கதை.

ஆக இது பிளாண்டார் ஃபேசியா பிரச்சினைதான். குதிகால்ல ஆரம்பிச்சு கால்விரல்கள் வரைக்கும் பாதத்தோட அடியில ஓடற கெட்டியான பட்டை அது, பாத வளைவை வில்லுன்னு வச்சுக்கிட்டா இது அதோட நாண். ராத்திரி தூங்கறப்ப பாதம் கீழ்நோக்கி தொங்கினாப்புல இருக்கும், பட்டையும் அந்த சுருங்கின நிலைக்கு பழகிடும், காலையில திடீர்னு மொத்த உடம்பு எடையும் இறங்கும்போது சுருக்குனு இழுக்குது. ரொம்ப நாள் இது வெறும் வீக்கம்னுதான் எல்லாரும் நினைச்சாங்க, 2003ல ஆபரேஷன்ல எடுத்த 50 மாதிரிகளை மைக்ரோஸ்கோப்ல பாத்து வெளியிட்ட ஒரு ஆய்வுல வீக்கத்தோட அடையாளத்தைவிட நார் நைஞ்சு போன அடையாளம்தான் தெரிஞ்சுது. நைஞ்ச நாருக்கு வேண்டியது வெறும் ரெஸ்ட் இல்லை, அளவா கூட்டிக்கிட்டே போற வேலை. எக்ஸ்ரேல தெரிஞ்ச முள்ளு பத்தி அக்காகிட்ட நான் சொன்னது ஒன்னுதான், வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள்ளு இருக்கு, அதுதான் குத்துதுன்னு நினைச்சு பயப்படாதீங்க. அந்த பயம் போனதுலயே அவங்க முகம் மாறிடுச்சு.

அளவெடுத்ததுல ரெண்டு விஷயம் பளிச்சுனு தெரிஞ்சுது. சுவரைப் பாத்து நின்னு குதிகாலைத் தூக்காம முட்டியை சுவர்ல தொட வைக்கற டெஸ்ட்ல (கால்விரல் சுவர்ல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு அளக்கறது) இடது கால் 9 சென்டிமீட்டர், வலது கால் 5தான், அதாவது கெண்டைக்கால் அவ்வளவு இறுக்கம். ஒத்தக்கால்ல நின்னு குதிகாலைத் தூக்க சொன்னா இடதுல 17 தடவை, வலதுல 6ஓட நின்னுடுச்சு. எடை 68 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர்.

அப்புறம் சுகர். ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட்) 7.2. இதைப் பாத்ததும் நான் முதல்ல கையில எடுத்தது 10 கிராம் மோனோஃபிலமென்ட், நைலான் நூல் மாதிரி இருக்கும், பாதத்துல பல இடத்துல தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பாக்கறது. எல்லா இடத்துலயும் கண்ணை மூடிக்கிட்டே சரியா சொன்னாங்க, நாடித்துடிப்பும் நல்லா இருந்துச்சு. இது மட்டும் தவறியிருந்தா வெறுங்கால் நடைக்கு நான் சம்மதிச்சிருக்கவே மாட்டேன், எவ்வளவு அழுதிருந்தாலும் சரி. சுகர் இருந்து பாதத்துல மரத்துப்போன உணர்வு இருக்கறவங்க தயவுசெஞ்சு இந்த கேஸைப் பாத்து வெறுங்கால்ல நடக்காதீங்க, செங்கல் ஒத்தடமும் வேண்டாம். சூடு தெரியாம வெந்து போய் புண்ணோட வந்த காலை நான் பாத்திருக்கேன்.

அடுத்து திட்டம். வலிக்கு ஒரு அளவுகோல் வேணும், பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டா ஒவ்வொரு நாள் மனநிலைக்கு ஏத்த மாதிரி மாறும். அக்காவே ஒரு வழி வச்சிருந்தாங்க, அவங்களுக்கே அது தெரியலை. ஆடி பௌர்ணமி எப்படி போச்சுன்னு கேட்டப்ப "அக்னி லிங்கம் தாண்டறதுக்குள்ள ஆரம்பிச்சுடுச்சு தம்பி, எமலிங்கம் போறதுக்குள்ள நொண்ட ஆரம்பிச்சுட்டேன்"னாங்க. அப்பதான் எனக்கு தோணுச்சு, 14 கிலோமீட்டர் பாதையில வரிசையா எட்டு லிங்கம் இருக்கு, இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். 29, 30 நாளைக்கு ஒரு தடவை அதே பாதை, அதே தூரம், அதே வெறுங்கால். இதைவிட நல்ல டெஸ்ட் எந்த லேப்லயும் கிடைக்காது. அன்னைல இருந்து எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கேள்விதான், வலி எந்த லிங்கத்துல ஆரம்பிச்சுது?

கடையில முதல் மாற்றம். தோசைக்கல்லு முன்னாடி தடிமனான ரப்பர் மேட், கால்ல எம்சிஆர் செருப்பு (மெத்துன்னு இருக்கற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு). அடுப்படியில செருப்பான்னு தயங்கினாங்க, சாமி படம் இருக்குன்னாங்க, புதுசா ஒரு ஜோடி வாங்கி அதை வெளியவே கொண்டு போகாம உள்ளயே வச்சுக்கோங்கன்னு சொன்னதும் ஒத்துக்கிட்டாங்க. ஒரு நாளைக்கு 11 மணி நேரம் நிக்கற தரையை விட்டுட்டு மாசத்துக்கு நாலு மணி நேரம் நடக்கற பாதையை குறை சொல்றது எனக்கு நியாயமா படலை.

காலையில கட்டிலை விட்டு இறங்கறதுக்கு முன்னாடி வலது காலைத் தூக்கி இடது தொடை மேல போட்டு, கையால கால்விரல் எல்லாத்தையும் பின்னாடி இழுத்து 10 எண்ணணும், 10 தடவை. பட்டை விண்ணுன்னு ஆகறது இன்னொரு கையால தொட்டுப் பாத்தாலே தெரியும்.

முக்கியமானது குதிகால் தூக்கற பயிற்சி. படிக்கட்டுல முன்பாதம் மட்டும் வச்சு, கால்விரல்களுக்கு அடியில ஒரு துண்டை சுருட்டி வச்சு (அப்பதான் விரல் மேல மடங்கி பட்டைக்கு வேலை போகும்), 3 நொடி மேல, 2 நொடி அங்கயே, 3 நொடி கீழ. ஒரு நாள் விட்டு ஒரு நாள். டென்மார்க்ல 48 பேரை வச்சு பண்ணி 2015ல வெளிவந்த ஆய்வு முறை இது, வெறும் ஸ்ட்ரெட்ச் பண்ணவங்களைவிட இதைப் பண்ணவங்களுக்கு மூணாவது மாசத்துலயே நல்ல முன்னேற்றம் இருந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒன்னாயிட்டாங்க. அதனால இதை மந்திரம்னு சொல்ல மாட்டேன், சீக்கிரம் கொண்டு போய் சேர்க்குதுன்னு சொல்வேன். அக்காவால முதல்ல ஒத்தக்கால்ல முடியலை, மூணு வாரம் ரெண்டு கால்ல, அப்புறம் ஒத்தக்கால்ல 12 தடவையா 3 செட், அப்புறம் பையனோட பழைய ஸ்கூல் பேக்ல அரிசி போட்டு முதுகுல மாட்டிக்கிட்டு 10, அப்புறம் 8. ரெண்டு கிலோல ஆரம்பிச்சு தை மாசத்துல ஏழு கிலோ அரிசியோட ஏறி நின்னாங்க.

நடை விஷயத்துல நான் கொடுத்த விதி ஒன்னே ஒன்னு. நடக்கறப்ப வலி பத்துக்கு அஞ்சு வரைக்கும் வந்தா பரவாயில்லை, ஆனா மறுநாள் காலை முதல் அடியில வலி வழக்கத்தைவிட கூடியிருக்கக்கூடாது. கூடலைன்னா அந்த தூரம் கால் தாங்குதுன்னு அர்த்தம், அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம். கூடியிருந்தா ஒரு படி கீழ இறங்கணும், நிறுத்தக்கூடாது. ஷூ போட்டுக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு மூணு நாள் நடந்தாங்க, அதுவும் பாதி கிரிவலப்பாதையிலயேதான்.

பௌர்ணமிக்குத்தான் செருப்பு பேச்சே எடுக்க விடலை. எம்சிஆர் போட்டுட்டு நடங்க, ஒவ்வொரு லிங்கத்துக்கும் கழட்டி வச்சுட்டு உள்ள போங்கன்னு சொல்லிப் பாத்தேன், தலையை ஆட்டிட்டாங்க. அவங்களோட 19 வருஷ வேண்டுதலை நான் யாரு மாத்தறதுக்கு. அப்புறம் யோசிச்சு டேப் ஒட்டலாம்னு சொன்னேன், "பிளாஸ்திரி செருப்பு கணக்குல வராது இல்ல"ன்னு அவங்களே தீர்ப்பு சொல்லிட்டாங்க. 38 மில்லிமீட்டர் அகல வெள்ளை ஸ்போர்ட்ஸ் டேப், சுண்டுவிரல் அடியில ஆரம்பிச்சு பாதத்தோட வெளிப்பக்கமா குதிகாலை சுத்தி பெருவிரல் அடிக்கு ஒரு பட்டை, அப்புறம் அடிப்பாதத்துல வெளிய இருந்து உள்பக்கமா மூணு நாலு குறுக்குப் பட்டை. வியர்வைக்கும் நடைக்கும் இது கொஞ்ச நேரத்துல தளர்ந்துடும், அதனால பாதையில வர்ற அடி அண்ணாமலை கோயில் பக்கம் உக்காந்து மேல இன்னொரு அடுக்கு. நடை முடிஞ்சதும் கழட்டி, பாதத்தை கழுவி, செல்போன் லைட்ல பையன் பாதம் முழுக்க பாக்கணும், சின்ன கீறல் இருந்தாலும் எனக்கு சொல்லணும், சுகர் காலுக்கு இதுல சமாதானமே கிடையாது.

இன்னொரு சின்ன விஷயம். மலை வலதுபக்கம் வர்ற மாதிரிதான் சுத்தணும், அதுலயும் ரோட்டோட இடது ஓரமா நடக்கறதுதான் இங்க வழக்கம். தண்ணி வடியறதுக்காக தார் ரோடு நடுவுல மேடா ஓரத்துல சரிவா இருக்கும், அப்ப வலது கால்தான் எப்பவும் மேட்டுப்பக்கம், மேட்டுல இருக்கற பாதம் உள்பக்கமா சாயும், பட்டை கூடுதலா இழுபடும். 19 வருஷமா இப்படி நடந்ததுல வலது கால்ல மட்டும் வலி வந்ததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம், நிரூபிக்க வழியில்லை. ஓரத்துல சமமா கல்லு பாவின நடைபாதை இருக்கற இடத்துல எல்லாம் அதுலயே போங்கன்னு சொன்னேன், அது சுலபமான விஷயம்தானே.

ஆவணியில வலி எமலிங்கத்துல. புரட்டாசியிலயும் எமலிங்கம்தான், ஆனா காலை வலி எட்டுல இருந்து ஆறா இறங்கியிருந்துச்சு. ஐப்பசியில நிருதி தாண்டி. ஃபோன்ல அவங்க குரலே வேற மாதிரி இருந்துச்சு, "தம்பி நிருதியில சாமி கும்பிட்டுட்டு எழுந்தப்பதான் வலி இல்லைன்னே தோணுச்சு."

அடுத்தது கார்த்திகை தீபம். இங்கதான் நான் கோட்டை விட்டேன். நடை, பயிற்சி, பௌர்ணமி எல்லாத்தையும் கணக்கு போட்டு வச்ச நான் கடையை கணக்குல எடுக்கவே இல்லை. தீபத்துக்கு ஊரே நிரம்பி வழியும், டிபன் கடைக்கு அந்த மூணு நாள்தான் வருஷத்து வருமானம், அக்கா ஒரு நாளைக்கு 17 மணி நேரம் நின்னிருக்காங்க, ரப்பர் மேட்டை கூட்டத்துக்கு இடம் வேணும்னு சுருட்டி வச்சுட்டாங்க, நடுவுல பயிற்சியையும் விடலை, ஏன்னா நான் விடாதீங்கன்னு சொல்லியிருந்தேன். அதோட தீபத்தன்னைக்கு ராத்திரி சுத்து, நெரிசல்ல அடி அடியா நகர்ந்து எட்டு மணி நேரம். மறுநாள் காலையில கால் கீழ வைக்க முடியலை. வலி திரும்ப எட்டு. "எல்லாம் போச்சு தம்பி, மூணாவது ஊசி போட்டுக்கறேன்"னு அழுதாங்க.

அவங்க நிதானமா கேக்கற வரைக்கும் பேசினேன். ஊசி தப்புன்னு நான் சொல்லலை, தாங்க முடியாத சமயத்துல அது உதவும், ஆனா திரும்பத் திரும்ப போட்டா குதிகாலுக்கு அடியில இருக்கற கொழுப்பு மெத்தை தேயலாம், பட்டை அறுந்து போகவும் வாய்ப்பு இருக்கு, ரெண்டு போட்டாச்சு, பத்து நாள் பொறுத்துப் பாப்போம், குறையலைன்னா நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறேன்னு சொன்னேன். பயிற்சியை நாலு நாள் நிறுத்திட்டு அப்புறம் ரெண்டு கால்ல மட்டும், டேப் தினமும், கடையில ஸ்டூல் போட்டு மாவு ஊத்தற வேலையைத் தவிர எல்லாம் உக்காந்து. ஒன்பதாவது நாள் காலை வலி நாலு. புதுசா எதுவும் கிழியலை, தாங்கற அளவுக்கு மேல பாரம் ஏறிடுச்சு, அவ்வளவுதான். அன்னைல இருந்து நிக்கற மணி நேரத்தையும் காலண்டர்ல எழுத சொன்னேன். பண்டிகை வாரத்துல பயிற்சி பாதி, பௌர்ணமிக்கு முந்தின நாளும் மறுநாளும் பயிற்சியே கிடையாது. இதை முதல் நாளே சொல்லியிருக்கணும் நான்.

மார்கழியில திரும்ப நிருதி. தையில வருணன், அதாவது பாதி தாண்டியாச்சு. மாசியில வாயு. பங்குனியில குபேர லிங்கம் தாண்டி ஒரு மாதிரி லேசா இழுத்துச்சாம், நொண்டலை. சித்திரையில முழுசும் சுத்தி முடிச்சு வீட்டுக்கு வந்து காலை நீட்டி உக்காந்தப்பதான் பத்துக்கு ரெண்டு அளவுல வலி, மறுநாள் காலை முதல் அடியிலயும் அதே ரெண்டு.

சித்திரை முடிஞ்சதும் திரும்ப அளந்தேன். சுவர் டெஸ்ட்ல வலது கால் 8 சென்டிமீட்டர், ஒத்தக்கால்ல 16 தடவை. எடை 65. ஹெச்பிஏ1சி 6.8, அதுக்கு காரணம் நான் இல்லை, அவங்க டாக்டரோட மருந்தும் அவங்க நடையும்தான். எக்ஸ்ரே திரும்ப எடுக்கலை, முள்ளு அப்படியேதான் இருக்கும், அது இப்ப எங்களுக்கு தேவையும் இல்லை.

வலி முழுசா போயிடுச்சுன்னு எழுத மாட்டேன். பயிற்சியை ஒரு வாரம் விட்டா காலையில லேசா தலைகாட்டுது, அதனால இப்பவும் வாரத்துக்கு ரெண்டு நாள் அரிசிப் பையோட படிக்கட்டுல ஏறி நிக்கறாங்க. டேப்பை இப்ப பையனே ஒட்டி விடறான், என்னைவிட நேராவே ஒட்டறான். போன வாரம் கடைப்பக்கம் போனப்ப அடுப்படி எம்சிஆர் செருப்பை கையில எடுத்துக்கிட்டு வந்து, "தம்பி, மேல நல்லாத்தானே இருக்கு, இதை எப்ப மாத்தணும்"னு கேட்டாங்க. குதிகால் படற இடத்தை கட்டைவிரலால அழுத்திப் பாத்தேன், அமுங்கினது அமுங்கினபடியே இருந்துச்சு, மேல எழும்பவே இல்லை. இன்னைக்கே மாத்திடுங்க அக்கான்னு சொல்லிட்டு வந்தேன்.